கச்சான் இலையின் அடிப்பக்கம்

தை பிறந்து ஒரு கிழமை இருக்கும். வன்னியில், முள்ளியவளையில் பெரியப்பாவின் கச்சான் (நிலக்கடலை) காணிக்குள் இறங்கி ஒரு இலையைத் திருப்பினேன், அடிப்பக்கமெல்லாம் செம்மஞ்சள் தூள், தொட்டதும் விரலில் ஒட்டியது. துரு நோய். புள்ளி நோய் என்றால் இலை உதிரும், துரு பிடித்த இலை காய்ந்த பிறகும் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், பார்க்கவே மனம் கேட்காது. பிடுங்கியபோது பாதிக்கு மேல் சப்பி.

மருந்து அடிக்கலாம்தான். மாரி மழை விடாமல் பெய்யும்போது அடித்தது எத்தனை நாள் நிற்கும், அதற்குக் காசுக்கு எங்கே போவது? வன்னிக்கு வழி விதையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஏனென்றால் பொலிவியாவில் 1959ல் சேகரித்த ஒரு காட்டுக் கச்சான் இருக்கிறது, அராக்கிஸ் கார்டெனாசி. துருவும் புள்ளியும் அதை இலேசில் தொடாது. ஆனால் அதில் 20 நிறமூர்த்தம் (குரோமோசோம்), நம்முடைய கச்சானில் 40. கலந்தால் 30 உள்ள மலட்டுச் செடிதான் வரும். 1960களில் வட கரோலினாவில் அந்த மலட்டுச் செடிக்கு, நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கும் கொல்ச்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து 60 ஆக்கி, பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்து, மிகுதி நிறமூர்த்தங்கள் கழிந்து மறுபடி 40க்கு வரும்வரை காத்திருந்தார்கள். எவ்வளவு பொறுமை! அந்த வழியில் வந்த செடிகள் ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வந்தன, தார்வாட் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஜிபிபிடி 4 என்ற கச்சான் இனம் அந்தப் பரம்பரைதான். அப்புறம் அதிலிருந்த துரு எதிர்ப்புத் துண்டை டிஎன்ஏ அடையாளம் பார்த்துப் பார்த்து வேறு மூன்று இனங்களுக்குள் ஏற்றினார்கள், 2014ல் அது வெளியானது.

ஆனால் எதிர்ப்பு என்றைக்கும் நிற்கும் என்றில்லை. சோயாவிலும் துரு உண்டு, அது வேறு பங்கசு (பூஞ்சை). அங்கே ஒற்றைப் பரம்பரையலகை (மரபணுவை) நம்பி வைத்த எதிர்ப்பைப் பங்கசு சில இடங்களில் தாண்டிவிட்டது. அதனால் நல்ல இனம் வந்தாலும் எல்லாக் காணியிலும் அதையே போடக்கூடாது என்பேன்.

இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா கேட்டார், "சரி பிள்ளை, விதை எங்க?"

அவர் காணியில் ஏழு செடி கடைசிவரை பச்சையாக நின்றன. நோய் அங்கே எட்டாமல்கூட இருந்திருக்கலாம். கச்சான் பெரும்பாலும் தன் பூவிலேயே தானே சேர்ந்து காய்ப்பது, குணம் அவ்வளவு கலையாது. ஏழையும் தனியாகப் பிடுங்கிக் கோதோடு காயவைத்துப் போத்தலில் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு, நோய் பிடித்த செடிகளின் விதைக்குப் பக்கத்து வரியில் ஊன்றுவேன்.