இடையன்குடிக் கோயில் மணி

டிசம்பர் 21-ஆம் தேதி மத்தியானம், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்து வைத்துவிட்டு, நானும் கணவரும் இடையன்குடிக்குக் கிளம்பினோம். பண்டிகை நெருங்கும்போது வீட்டை விட்டு எங்கும் போகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இந்த வருடமும் மகள் குடும்பம் கிறிஸ்மஸுக்கு வரவில்லை. இதோடு மூன்று வருடம். மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும் கம்போடியாவில், பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்கிறார்கள். ஸ்டார் கட்டியாகிவிட்டது, குடிலும் வைத்தாயிற்று. மனசு மட்டும் எதிலும் ஒட்டவில்லை. "எலைசா அம்மா இருந்த ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வருவோமா?" என்று, மிஷனெரி கால்டுவெல் ஐயரின் மனைவியை நினைத்து நான்தான் கேட்டேன். அவர் மறுபேச்சு பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

திசையன்விளை தாண்டியதும் தேரி என்கிற செம்மணல் மேடுகளும் பனைகளும் வந்துவிடும். இந்த மண்ணைப் பார்த்துதான் கால்டுவெல் ஐயரும் நடந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அயர்லாந்தில் பிறந்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே தெற்கே வந்து, 1841 முடிகிற சமயத்தில் இடையன்குடியில் தங்கினார். அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆகமன காலத்தில். அப்போது அவருக்கு வயது 27, கல்யாணம் ஆகவில்லை. வந்த சில வாரத்தில் கிறிஸ்மஸ். அதை அவர் எப்படிக் கழித்தாரோ! இடையர் குடியிருந்த ஊர் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். மேய்ப்பர்களுக்குத்தானே முதலில் நற்செய்தி சொல்லப்பட்டது? அந்த முதல் கிறிஸ்மஸில் இந்த ஊர்ப் பெயரை அவர் நினைத்துப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்குள் தெருக்கள் நேராக இருக்கின்றன. அவர் காலத்தில் போட்டவை. கிணறு வெட்டியது, மரம் நட்டது எல்லாமே அவர் பார்த்துச் செய்த வேலை. அவர் வாழ்ந்த வீட்டை அரசு 2011-இல் நினைவில்லமாக்கியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டவர் என்று தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அவரை அறிவார்கள். எங்கள் நாடார் மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய புத்தகம் எங்கள் முன்னோர்களைப் புண்படுத்தியதும் உண்மைதான். அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் தேடி வந்தது அவர் மனைவியை. எலைசா, நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். 1844-இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தத் தேரிக்காட்டுக்கு வந்தார். நாகர்கோவிலில் தாயார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர், இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் வைத்து லேஸும் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. என் ஆச்சியும் லேஸ் பின்னுவார்கள். திண்ணையில் மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, குண்டூசிகளுக்கு நடுவே நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் காசில்தான் அம்மாவைப் படிக்க வைத்தார்கள். அம்மா படித்ததால் நான் படித்தேன், என் மகளும் படித்தாள். அவள் இப்போது கம்போடியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் அது இந்த ஊருக்குத்தான் வந்து சேருகிறது.

பரிசுத்த திரித்துவ ஆலயம் தூரத்திலிருந்தே தெரிந்தது. 1847-இல் அடிக்கல் போட்டு 1880-இல் பிரதிஷ்டை செய்தார்கள். முப்பத்து மூன்று வருடம்! கல்தச்சர்களுக்கு ஜன்னல் வளைவு புரியவேண்டும் என்று ஐயரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். உள்ளே இரண்டு பையன்கள் ஏணியில் ஏறிக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பாடகர் குழுவின் பயிற்சி. ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தவறினார்கள், திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்து பலிபீடத்தின் கீழே அடக்கம் செய்தார்கள். 1899-இல் மறைந்த எலைசாவும் இந்த ஆலயத்தில்தான் இளைப்பாறுகிறார். அங்கே முழங்கால் போட்டேன். ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. ஏழு பிள்ளைகள் பெற்ற தாய். படிப்புக்காகப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்புவது அன்றைய மிஷனெரி குடும்பங்களில் வழக்கம். ஒரு கடிதம் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில். கிறிஸ்மஸ் வாழ்த்து பங்குனியில் கையில் கிடைத்திருக்கும். எனக்கோ பொத்தானை அழுத்தினால் பேரன் முகம் தெரிகிறது. அதற்கே நான் மூன்று வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறேன். "ஆண்டவரே, மன்னியும்" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் திருநெல்வேலி சபையும் ஊழியர்களை அனுப்பிய சபைதான். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லுக்குக் குடும்பங்களை அனுப்பினோம். அந்த வீடுகளிலும் பண்டிகை அன்று ஓர் இலை காலியாகக் கிடந்திருக்கும். அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காக நாம் போதுமான அளவு ஜெபிப்பதில்லை. இதை எங்கள் சபையில் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன்.

ஆலயத்தைவிட்டு வெளியே வந்ததும் மகளே வீடியோ காலில் வந்தாள். அவர்களுக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், அங்கே இருட்டிவிட்டது. கம்போடியாவில் டிசம்பர் 25 விடுமுறை இல்லை. நெல் அறுவடைக் காலம் வேறு. அதனால் சபையார் வயல்வேலை முடிந்து வந்த பிறகு சாயங்காலம்தான் ஆராதனையாம். மொத்தமே பத்துப் பன்னிரண்டு குடும்பம். அரிசிக்கஞ்சி காய்ச்சிப் பெரிய பானையில் வைத்துவிட்டால், விசுவாசிகள் அல்லாத அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்து கேட்பார்களாம். "வயல்லேர்ந்து நேரா வர்றாங்கம்மா, கால்ல சேறோட. அவங்களைப் பார்த்தா எனக்கு அந்த மேய்ப்பர்கள்தான் ஞாபகம் வருது" என்றாள். நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

பேரன் எட்டிப் பார்த்தான். ஆறு வயது. ஒரு நோட்டைக் காட்டினான், அதில் கெமர் எழுத்துகள். மெய்யெழுத்து மட்டும் முப்பத்து மூன்று. அந்த எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது என்று மருமகன் ஒரு தடவை சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. "ஆச்சி, போன் நோயெல்!" என்றான். அவர்கள் மொழியில் கிறிஸ்மஸ் பண்டிகைக்கு அப்படிச் சொல்வார்களாம். நானும் சொல்லிப் பார்த்தேன். "இன்னும் சரியா சொல்லுங்க ஆச்சி" என்று இரண்டு தடவை திருத்தினான்.

"நீங்க எங்க இருக்கீங்க? பின்னால ஏதோ பெரிய வீடு தெரியுது."

"கோயில் தங்கம். இடையன்குடிக் கோயில்."

அந்த நேரம் பார்த்து, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மணிக்கயிற்றைப் பிடித்தார். சாயங்கால மணி. கணவர் போனை என் கையிலிருந்து வாங்கி, கையை நீட்டி மேலே உயர்த்திப் பிடித்தார். அடித்து ஓயும்வரைக்கும் கீழே இறக்கவில்லை. திரையில் நான்கு முகங்களும் ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன.

"இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்க தாத்தா" என்றான் பேரன்.