கப்பல் நேரம்

மதுரைக்காரர்களுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தொடங்கி அன்று இரவே முடிந்துவிடுகிற உறவு. மீனாட்சியும் சொக்கரும் ஏறிய தெப்பத்தைக் கரையில் நிற்பவர்களே வடம் பிடித்து இழுப்பதால், தெப்பத்தில் இருப்பவர்களோடு தொடர்பு அறுந்துபோகும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எண்பத்திரண்டு வயதான என் அம்மாவும் கப்பல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

ஆகவே, என் தங்கையும் அவள் கணவரும் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுகள் உல்லாசக் கப்பலில் போகப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அவர் பயப்படவில்லை. தந்தைக்கு அறுபது வயது நிறைவதை முன்னிட்டு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன் வாங்கிக் கொடுத்த பயணச்சீட்டு அது. பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூர். அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: "தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பாப்பா குரலை நான் கேக்கணும்."

இந்த நிபந்தனையை நிறைவேற்றும் பொறுப்பு, அம்மாவோடு திருநகர் வீட்டில் இருக்கும் என் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வட்டிக் கணக்கில் பைசாவைக்கூட முழு ரூபாயாக்காமல் எழுதியவர். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் செல்லுபடியாகும் ரோமிங் பேக் ஒன்றைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, புறப்படுவதற்கு முதல் நாள்தான் அதன் விதிகளைப் படித்தார். கரையிலுள்ள கோபுரங்களின் சிக்னல் கடலுக்குள் சில பத்துக் கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் கப்பலிலேயே ஒரு சிறிய கோபுரம் வேலை செய்யும். அது செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதால், அதற்கான கட்டணம் தனி. மூன்று நாட்டு பேக் அங்கே செல்லாது, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுவதே பர்சுக்கு நல்லது.

இதை நான் அம்மாவிடம் கொஞ்சம் சுருக்கி, "நடுக்கடல் எந்த நாட்டுக் கணக்கிலும் வராதும்மா" என்று சொன்னேன். அப்படிச் சுருக்கியிருக்கக் கூடாது.

"அப்ப எம் பொண்ணு எந்த நாட்டுலயுமே இல்லையா?"

கப்பலில் வைஃபை வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலருக்கு மேல் ஆகும் என்றும், அந்தப் பணத்தில் நம் ஊரில் இரண்டு போன்களுக்கு மூன்று மாதத்துக்கு ரீசார்ஜ் செய்யலாம் என்றும் மாப்பிள்ளை கணக்குப் போட்டுவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஏன் அவ்வளவு விலை என்று அம்மா கேட்டதற்கு, பழைய வகைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதையும், 2022க்குப் பிறகு பல கப்பல்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கு மாறியிருப்பதையும் விளக்கினேன். அம்மா என் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ சிறிது யோசித்துவிட்டு, "இங்கேருந்து மெட்ராஸ் நானூத்தி அறுபது கிலோமீட்டர். தீபாவளிக்கு அதுக்கே ஆம்னி பஸ்காரன் ரெண்டாயிரம் கேக்கிறான். ஆகாசத்துக்குப் போயிட்டு வர்றவன் இருபது டாலர் கேட்டா என்ன தப்பு?" என்று கப்பல்காரன் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து இன்னொரு தவறும் செய்தேன். கப்பலிலிருந்து வீட்டுக்குச் சேதி அனுப்புவது நூறு ஆண்டுகளுக்கு மேலான பழக்கம் என்றும், 1912ஆம் ஆண்டிலேயே பயணிகள் தங்கள் உறவினர்களுக்குக் கம்பியில்லாத் தந்தி கொடுத்தார்கள் என்றும், முதல் நாள் பழுதாகிச் சரிசெய்யப்பட்ட கருவியில் தேங்கிக் கிடந்த பயணிகளின் சேதிகளை அனுப்பி முடிப்பதிலேயே தந்தி இயக்குநர் அன்று இரவு மும்முரமாக இருந்தார் என்றும் சுவையாக வருணித்துக்கொண்டு போனேன்.

"எந்தக் கப்பல் அது?" என்றார் அம்மா.

நான் பதில் சொல்லாமல் இருந்ததிலேயே அவருக்கு விடை கிடைத்துவிட்டது. டைட்டானிக்கைத் தொலைக்காட்சியில் மூன்று முறை பார்த்தவர் அவர். உடனே எழுந்துபோய், பாண்டி முனீசுவரருக்கு 11 ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அடுத்து நேரக் கணக்கு. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அம்மாவின் எட்டு மணி அவர்களுக்குப் பத்தரை மணி. ஒவ்வொரு முறையும் "இப்ப அங்க மணி என்ன?" என்று கேட்பதற்குப் பதில் சொல்லிக் களைத்துப்போன நான், பரணில் கிடந்த அப்பா காலத்துச் சுவர்க்கடிகாரத்தை எடுத்துத் துடைத்து, புதிய பேட்டரி போட்டு, கப்பல் நேரத்துக்குத் திருப்பி, சமையலறையில் மாட்டினேன். இதனால் முதல் நாளே அம்மா மாலை ஐந்தரை மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்து, இரத்த அழுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டார். அதன்பிறகு, கடிகாரத்துக்குக் கீழே 'கப்பல்' என்று எழுதி ஒட்டினேன்.

இவையெல்லாம் போதாதென்று, கப்பல் எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றை என் போனில் இறக்கி அம்மாவிடம் கொடுத்தேன். சர்வதேசக் கடலில் போகும் பயணிகள் கப்பல் ஒவ்வொன்றிலும் ஏ.ஐ.எஸ். என்னும் கருவி இருந்தாக வேண்டும். தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் திசையையும் அது வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. திருநகரில் இருக்கும் தாய்மார்களுக்காக ஏற்பட்டதன்று. ஆனால், மலாக்கா நீரிணையில் ஒரு சிறிய அம்பு வடமேற்காக நகர்வதையும், அதைத் தொட்டால் தன் மகள் ஏறிய கப்பலின் பெயர் வருவதையும் பார்த்த பிறகு, அம்மா அந்தப் போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. கோடி வீட்டு ஆத்தா, பால் ஊற்றுபவர், மல்லிகைப் பூக்காரம்மா என்று எல்லோரும் வந்து அம்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூக்காரம்மா மட்டும் தொட்டுக் கும்பிட்டார்.

இரண்டாம் நாள் பினாங்கில் பேக் வேலை செய்தது, தங்கை பேசினாள். கப்பலின் சொந்தச் செயலியில் கப்பலுக்குள் இருப்பவர்கள் மட்டும் இணையக் கட்டணம் இல்லாமல் செய்தி அனுப்பிக்கொள்ளலாமாம். திருமணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகளில் மனைவிக்கு ஒரு கடிதம்கூட எழுதாத மாப்பிள்ளை, "14ஆம் தளத்தில் இட்லி போடுகிறார்கள், வா" என்று அதில் எழுதியிருக்கிறார். இலவசம் என்றால் அவர் கவிதைகூட எழுதுவார்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். "தம்பி, அம்பு நின்னுபோச்சு."

பினாங்கிலிருந்து வடக்கே கடல் அகன்ற இடத்தில் அம்பு அசையாமல் நின்றது. கடைசியாகத் தகவல் கிடைத்தது ஏழு மணி நேரத்துக்கு முன்பு என்று அதன் கீழே எழுதியிருந்தது. கட்டணமில்லாத செயலி கரையிலுள்ள வாங்கிகளை நம்பியே ஓடுகிறது என்பதையும், அவற்றுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் கப்பலைச் செயற்கைக்கோள் வழியாகக் காண்பதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். கப்பல் போய்க்கொண்டுதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்றேன்.

"ஏழு மணி நேரமா எம் பொண்ணு எங்க இருக்கான்னு தெரியாம நீ தூங்கியிருக்கே" என்றார். இதற்கு எந்தத் தொழில்நுட்ப விளக்கமும் கிடையாது.

கோடி வீட்டு ஆத்தா வந்து உட்கார்ந்துகொண்டார். மஞ்சள் துணியில் முடிந்த 11 ரூபாய் 51 ஆயிற்று. ஒன்பதரை மணிக்கு அம்பு திடீரென்று புக்கெட் தீவுக்கு அருகில் குதித்துத் தோன்றியது. நான் பெருமூச்சு விடுவதற்குள், கல்லூரியில் படிக்கும் ஆத்தாவின் பேத்தி, திரையில் இருந்ததைத் தமிழில் பெயர்த்துச் சொன்னாள்: "நங்கூரம் போட்டு நிக்குது, பாட்டி. வேகம் சுழியம்." கரைக்கு வராமல் நடுக்கடலில் எதற்காக நிற்கிறது என்று இரு கிழவிகளும் ஒரே குரலில் கேட்டார்கள். அங்கே பத்தோங் கடற்கரைக்கு எதிரில் பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றுகொள்ளும் என்றும், பயணிகளைச் சிறிய படகுகளில் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்றும் நான் தேடிப் படித்துச் சொல்வதற்குள், முடிப்பு 101 ஆகிவிட்டது.

அன்று மாலை நான்கு மணிக்குத்தான் தங்கை கடற்கரையிலிருந்து அழைத்தாள். காலையிலிருந்து மனத்தில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அம்மா கொட்டத் தொடங்கினார். என்ன சாப்பிட்டாய், கப்பல் ஆடுகிறதா, மாப்பிள்ளைக்கு வாந்தி வந்ததா, படகில் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டாயா என்று விசாரணை நீண்டது. தங்கையும் நிதானமாகவே பதில் சொன்னாள். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு ஏழு மணிக்கு, மாப்பிள்ளையின் போனில் மணி இன்னும் ஐந்தே முக்கால்கூட ஆகவில்லை, இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

அம்மா பேச்சை நிறுத்தினார். சமையலறைச் சுவரைப் பார்த்தார்.

"ஏண்டி, இங்க கப்பல் கடிகாரத்துல ஏழாகக் கால் மணிதான் இருக்கு. இளநியக் கீழ வச்சிட்டு ஓடு!"

நடந்தது இதுதான். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பிந்தியது. கரையில் இறங்கி அந்த ஊர் நெட்வொர்க்கைப் பிடித்ததும், மாப்பிள்ளையின் போன் யாரையும் கேட்காமல் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. கப்பல் நேரத்தை மட்டுமே பின்பற்றுங்கள் என்று இறங்கும்போது ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அப்போது, உப்புத்தண்ணீர் பட்டுவிடும் என்று தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி அறையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். இருவரும் மணலில் ஓடி, கடைசிப் படகில் கடைசி ஆட்களாக ஏறினார்கள். தங்கை அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டதால், மூச்சிரைப்பும் அலையோசையும் "என் செருப்பு" என்னும் மாப்பிள்ளையின் குரலும் சமையலறை வரை தெளிவாகக் கேட்டன. ரோமிங் பேக்கில் மீதமிருந்த நிமிடங்கள் அதிலேயே கரைந்தன.

நான்காம் நாள் முழுக்கக் கடல். அன்று மாப்பிள்ளை வாயே திறக்காமல் ஒரு நாள் வைஃபை வாங்கினார். எட்டு மணிக்கு வந்த வீடியோ அழைப்பில் மாமியாருக்கு நேராகக் கைகூப்பியவர், தம் வெறுங்காலை மட்டும் காட்டவில்லை.

அவர்கள் மதுரைக்கு வந்து பத்து நாட்கள் ஆகின்றன. முடிப்பைப் பாண்டி கோயில் உண்டியலில் சேர்த்தாயிற்று. சுவர்க்கடிகாரத்தை இறக்கப் போனேன். இருக்கட்டும் என்றார் அம்மா. நேற்று விடியற்காலையில் மறுபடியும் உலுக்கினார்.

"தம்பி, அம்பு நின்னுபோச்சு."

"பாப்பா அடுத்த தெருவுல அவ வீட்டுல தூங்குறாம்மா."

"அவ வந்துட்டா. இப்ப அதுல போயிருக்கிறவங்க வீட்டுல யாராச்சும் முழிச்சிருக்காங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கப்பல் கடிகாரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.