தாத்தாவும் மூணு பாய்லரும்

போன வாரம் பைக்க சர்வீஸ் விட்டப்ப மெக்கானிக் அண்ணன், தம்பி இத குடுத்துட்டு வேற வண்டி எடுங்க, ஸ்பேர் கெடைக்க கஷ்டமா இருக்குன்னு சொன்னாங்க. எங்கிட்ட இருக்குறது பஜாஜ் வி, 2016ல வாங்குனது. என்னால அத குடுக்க முடியாது, அதுக்கு காரணம் எங்க தாத்தா.

தாத்தாவுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். 18 வயசுல நேவில சேந்து, லோனாவ்லால ஐஎன்எஸ் சிவாஜில இஞ்சின் வேலை படிச்சுட்டு, விக்ராந்த்ங்குற விமானம் தாங்கிக் கப்பல்ல, அத ஓட்டுற நீராவிய உண்டாக்குற பாய்லர் ரூமுக்கு போனாங்க. நேவின்னு சொன்னதும் எல்லாரும் வெள்ளை யூனிஃபார்ம், கடல் காத்துன்னு நெனைப்பாங்க. தாத்தா இருந்தது தண்ணி மட்டத்துக்கு கீழ, 4 மணி நேர ட்யூட்டி, வேர்வைல ஓவரால்ஸ் ஒட்டிக்கிட்டு நிக்கும், நாக்குல உப்பு கரிக்கும். "ஏலே, மேல ஆகாசம் என்ன கலர்னு கூட எங்களுக்குத் தெரியாதுல"ன்னு சொல்லுவாங்க.

1971 பாகிஸ்தான் சண்டைக்கு முன்னாடியே பாய்லர் டிரம்ல விரிசல் விழுந்துருச்சு. வெல்டிங் வச்சு சரி பண்ற விரிசல் இல்ல, புது டிரம் இங்கிலாந்துல இருந்து வரணும். 25 நாட், அதாவது மணிக்கு சுமாரா 46 கிலோமீட்டர் வேகம் போக வேண்டிய கப்பல, நாலு பாய்லர்ல மூண மட்டும் வச்சு, பிரஷரக் கொறச்சு, பொத்திப் பொத்தி ஓட்டிருக்காங்க. அந்தக் கப்பலத் தேடித்தான் பாகிஸ்தானோட காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் வர வந்து அங்கயே மூழ்குச்சு, இவங்க அப்ப அந்தமான் பக்கம் ஒளிஞ்சு நின்னுருக்காங்க. டிசம்பர் 4 ஆம் தேதி ஸீ ஹாக் விமானமெல்லாம் கெளம்பி இப்ப பங்களாதேஷ்ல இருக்குற காக்ஸ் பஜார்ல குண்டு போட்டுச்சு. தாத்தா ஒரு விமானத்தக் கூட பாக்கல. கேட்டபல்ட்டு நீராவிலதான் விமானத்தத் தள்ளும், அதுக்கும் இதே பாய்லர்ல இருந்துதான் ஸ்டீம் போகணும், அதனால ஒவ்வொரு விமானம் போறப்பவும் தலைக்கு மேல தடார்னு ஒரு சத்தம், பிரஷர் காட்டுற கேஜ்ல முள்ளு லேசா எறங்கும். "முள்ளு எறங்குனா ஒருத்தன் போயிட்டான்னு அர்த்தம், திரும்பி வரணும்னு சாமிய கும்பிட்டுக்கிட்டே முள்ள மேல ஏத்துவோம்." இத சொல்லும்போது அவங்க ஆள்காட்டி விரல் காத்துல அந்த முள்ளு மாதிரி சாஞ்சு நிமிரும். எத்தன தடவ கேட்டாலும் அந்த வெரல் அதே மாதிரிதான் அசையும்.

டிசம்பர் 9 ராத்திரி மட்டும் தாத்தா சாப்பிட மாட்டாங்க. அன்னைக்குத்தான் டையூ பக்கத்துல நம்ம குக்ரி கப்பல பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பிடோ வச்சு மூழ்கடிச்சுச்சு, 18 ஆபிசர், 176 மாலுமி கப்பலோடயே போயிட்டாங்க, அதுல கேப்டன் முல்லாவும் ஒருத்தரு. தாத்தாகூட லோனாவ்லால பக்கத்துக் கட்டில்ல படுத்த ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர் அதுல இருந்தாரு. அவரும் இஞ்சின் ரூம்தான். கீழ இருக்குறவன் மேல ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்னு தாத்தாவுக்குத் தெரியும்ல, அதனாலயோ என்னவோ அவரப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாங்க. ஆச்சியும் கேக்க மாட்டாங்க, தட்ட எடுத்து கவுத்து வச்சுட்டு அவங்களும் சும்மா படுத்துருவாங்க.

ரிட்டயர் ஆகி தூத்துக்குடில ஒரு மில்லுலயும் பாய்லர்தான் பாத்தாங்க. காது சுத்தமா போயிருச்சு. ஆனா வீட்டுல குக்கர் வச்சா வாசப்படில இருந்தே பாத்துக்கிட்டு, வெயிட்டு லேசா ஆடுறத வச்சு "இந்தா வரப்போவுது"ன்னு சொல்லுவாங்க, சொல்லி முடிக்குறதுக்குள்ள விசில் வரும்.

விக்ராந்த 1997ல ஓய்வு குடுத்து, கொஞ்ச வருசம் மும்பைல மியூசியமா வச்சுருந்து, 2014ல ஒடைக்க அனுப்பிட்டாங்க. நியூஸ பாத்துட்டு தாத்தா டிவிய ஆஃப் பண்ணுனாங்க, அவ்வளவுதான். அப்புறம் அந்த இரும்ப உருக்கி கலந்து பைக் வருதுன்னு கேள்விப்பட்டு நான் மொதல் சம்பளத்துல அட்வான்ஸ் கட்டி எடுத்துட்டு வந்தேன். தாத்தா செருப்ப கழட்டிட்டு வந்து டேங்க்ல உள்ளங்கைய வச்சாங்க. வெயில்ல நின்ன வண்டி, நல்லா சூடு. தாத்தா கைய எடுக்கவே இல்ல. "சுடுதுல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க, கண்ணு நெறஞ்சுருந்துச்சு.

2022 செப்டம்பர் 2, கொச்சில புது விக்ராந்த கடற்படைல சேத்தத டிவில பாத்தோம். அப்ப தாத்தா படுக்கைல, ஒரு கால் அசைவு கொறஞ்சுருச்சு. எங்கைய இழுத்து, "இதுல எத்தன பாய்லர்ல?"ன்னு கேட்டாங்க. பாய்லரே கெடையாது தாத்தா, கேஸ் டர்பைன்னு காதுகிட்ட போயி கத்துனேன். ரெண்டாவது தடவ சொன்னப்பதான் புரிஞ்சுச்சு. ரொம்ப நேரம் அந்தக் கப்பலையே பாத்துக்கிட்டு இருந்துட்டு சொன்னாங்க, "நல்லதுல. கீழ நிக்கிற பயலுவ வேகாம இருப்பானுவ."