குடியேற்ற நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே முடிக்க வேண்டிய வேலை

அமெரிக்காவில் 2025 மே மாதம் முதல், குடியேற்ற நீதிமன்றத்துக்குத் தவணைக்கு வந்தவர்களை நடைவழியில் வைத்தே ஐஸ் (ICE, குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் கைது செய்வது பல ஊர்களில் நடந்தது. ஜூன் 20, உலக அகதிகள் தினத்தன்று, சான் டியேகோ ஆயர் மைக்கேல் பாம் மற்ற மதத் தலைவர்களையும் அழைத்துக்கொண்டு அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போய் நின்றார். அந்த மறைமாவட்டத்தில் இன்று அது தொடர்ந்து நடக்கும் தன்னார்வப் பணி.

கூட நிற்பதே பெரிய ஆறுதல்தான். ஆனால் கைது நடந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது முந்தின நாள் எழுதி வைத்த ஒரு தாள். அதில் முதலில் இருக்க வேண்டியது ஏ-நம்பர், அதாவது குடியேற்றத் துறை ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பதிவு எண். ஒன்பது இலக்கம். பழைய கடிதங்களில் எட்டு இலக்கம்தான் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். பிறந்த நாட்டையும் எழுதுங்கள். இந்த இரண்டும் இருந்தால்தான் ஐஸ் இணையதளத்தில் தடுப்புக் காவலில் இருப்பவரைச் சரியாகத் தேட முடியும். பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் அரசுப் பதிவில் உள்ள எழுத்துகள் அப்படியே பொருந்த வேண்டும். தந்தை பெயர் முன்னே பின்னே மாறிய தமிழர்கள், இரண்டு குடும்பப் பெயர் வைத்திருக்கும் லத்தீன் அமெரிக்கர்கள் எல்லோருக்கும் இங்கேதான் சிக்கல். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் அந்தத் தேடலில் வரவே மாட்டார்கள்.

அடுத்தது ஜி-28 படிவம். கைதானவருக்காக வழக்கறிஞர் ஐஸ் அதிகாரிகளிடம் பேச, அதில் கைதானவரின் கையெழுத்து வேண்டும். உள்ளே கொண்டுபோன பிறகு அதை வாங்குவதற்குள் நேரம் போய்விடும். அவசரம் ஏன் என்றால், காவலில் வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனுவைப் பொதுவாக ஆள் அடைக்கப்பட்டிருக்கும் மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். சில மணி நேரத்தில் டெக்சாஸுக்கோ லூசியானாவுக்கோ ஏற்றி அனுப்பிவிட்டால் மனுவும் அங்கேதான். ஆகவே வழக்கறிஞர் முன்கூட்டியே சந்தித்துக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

மிச்சம் வீட்டு விஷயங்கள்: பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருபவர் பெயர் பள்ளியின் அவசரத் தொடர்புப் பட்டியலில் இருக்கிறதா, கார் எங்கே நிற்கிறது, சாவி யாரிடம், தினமும் போடும் மாத்திரை எது. போனைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் ஒரு நம்பராவது மனப்பாடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கையில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றத்தில் நாங்கள் இருவராகத்தான் நிற்போம். ஒருவர் குடும்பத்தோடு. இன்னொருவர் நேரம், அதிகாரிகள் எந்தத் துறை, எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்பதைக் குறிப்பவர். குறுக்கே நிற்பதோ கையைப் பிடித்து இழுப்பதோ கூடாது. அது உங்கள் மேல் வழக்காகும், அவருக்கும் உதவாது. உள்ளே கேமரா கூடாது. சட்ட ஆலோசனையும் சொல்லக் கூடாது.

இதில் மனம் பதறும் இடம் ஒன்று உண்டு. அரசுத் தரப்பே வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கும். வழக்கில் இருப்பவருக்கு அது நல்ல செய்திபோல இருக்கும். ஆனால் தள்ளுபடியானதும் விசாரணையில்லாத துரித வெளியேற்றத்தில் போட, வெளியே ஐஸ் அதிகாரிகள் காத்திருந்த சம்பவங்கள் பல. அந்த நொடியில் தன்னார்வலர் அவர் காதில் எதுவும் கிசுகிசுக்க முடியாது. எதிர்க்கலாமா, பதில் எழுத அவகாசம் கேட்கலாமா என்பதை வழக்கறிஞர் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

சபைக் கட்டடத்துக்கும் தயாரிப்பு தேவை. வழிபாட்டு இடங்களில் கைது நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய பழைய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளும் சாக்ரமெண்டோ குருத்வாராவும் வழக்குப் போட்டு, பிப்ரவரியில் தங்களுக்கு மட்டும் இடைக்காலத் தடை பெற்றன. மற்ற சபைகள் எந்த அறை பொது, எந்த அறை தனி என்று கதவிலேயே எழுதி ஒட்ட வேண்டும். ஐஸ் அதிகாரிகள் காட்டும் ஐ-200, ஐ-205 என்ற வாரண்ட் தாள்களில் இருப்பது குடியேற்ற அதிகாரியின் கையெழுத்து, நீதிபதியுடையது அல்ல. தனி அறைக்குள் வர நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் கேளுங்கள் என்பதே வழக்கறிஞர்கள் சொல்லித் தருவது. கதவருகே இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

கைதில்லாமல் வீடு திரும்பியவர்களையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த தவணைத் தேதி முன்னுக்கு மாறலாம், கடிதம் பழைய முகவரிக்குப் போகலாம். வராவிட்டால் ஆள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். வீடு மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் இஓஐஆர்-33 என்ற முகவரி மாற்றப் படிவத்தை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை 1-800-898-7180 என்ற நீதிமன்றத் தானியங்கி எண்ணில் அதே ஏ-நம்பரை அழுத்தித் தேதியைச் சரிபாருங்கள்.