12 வோல்ட்டும் மேற்கு ஜன்னலும்

காட்பாடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த ரோபோ போட்டிக்குத் தன்னார்வலராகப் போய்விட்டு வந்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். இந்த மாதிரி வேலைக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் சிலதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

பதிவு, பேட்ஜ், சாப்பாடு எதிலும் குறையில்லை. எனக்குக் கொடுத்தது இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. ரோபோ களத்தில் இறங்கும் முன் அளவு, எடை, வயரிங், பேட்டரி எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

முதல் தலைவலி ஸ்டோரில். இந்த ரோபோக்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி குத்துப்பட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ உப்பிப் புகைந்து தீப்பிடிக்கும். அதனால் மேஜை பக்கத்தில் ஒரு மணல் வாளி வேண்டும் என்று போய்க் கேட்டேன். ஸ்டோர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இண்டென்ட்ல எச்.ஓ.டி. கையெழுத்து இருக்கா மேடம்?" இண்டென்ட் என்றால் பொருள் கேட்டு எழுதும் சீட்டு. அதில் கையெழுத்துப் போட வேண்டிய எச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர், அன்று சென்னையில். வாளிகளோ அவர் தலைக்கு மேலேயே சிவப்பாக வரிசையாகத் தொங்குகின்றன. விடாமல் கேட்டதற்கு, "தீப்பிடிச்சா வந்து எடுத்துக்கோங்க, அதுக்கு இண்டென்ட் வேண்டாம்" என்றார். பாலாற்றங்கரை ஊரில் ஒரு வாளி மணலுக்குக் கையெழுத்து தேடியது நாங்களாகத்தான் இருக்கும். கடைசியில் வளாகத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கேட்டோம். ஒரு வார்த்தை பேசாமல் பெயிண்ட் டப்பா நிறைய அள்ளிக் கொடுத்தார்.

அடுத்தது விதிப் புத்தகம். "பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது" என்று ஒரே வரி. குடியாத்தத்திலிருந்து வந்த பாலிடெக்னிக் பையன்கள்தான் முதலில் வந்தார்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12.58. ஒருங்கிணைப்பாளர் உடனே ரிஜெக்ட் என்றார். பேட்டரி மேலே 11.1 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மூன்று செல், செல்லுக்குப் பெயரளவில் 3.7. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 காட்டும், ஆக 12.6. இதைத் தாளில் கூட்டிப் போட்டுக் காட்டியும் அவர் "ரூல்னா ரூல்தான்" என்றே நின்றார். வெளியே வந்து பார்த்தால், பையன்கள் ரோபோவைக் கவிழ்த்துப் பிடித்துச் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டு சார்ஜை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். "அக்கா, 12.3 வந்துடுச்சு" என்கிறான் ஒருவன்!

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. பேட்டரியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜே கணக்கு என்று ஒரு வரி எழுதி, துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கதவில் ஒட்டினேன். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மாலையில் ஒரு அணி இதையே வைத்து எதிரணி மேல் புகார் கொடுத்தது. கதவில் இருந்த தாளைக் காட்டியதும் அடங்கிவிட்டது. விதியில் எந்த விளக்கம் கிடைத்தாலும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

வெளியூர் அணிகளுக்கு ஒன்று: எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். திருவண்ணாமலை அணி வேலூர் கண்டோன்மென்டில் இறங்கி நிற்க, வேன் காட்பாடி ஜங்ஷனில் காத்துக்கொண்டிருந்தது.

எனக்கு இன்னும் ஆறாதது லைன் ஃபாலோயர் போட்டிதான். கறுப்புக் கோட்டை அகச்சிவப்பு சென்சாரால் பார்த்து ஓடும் ரோபோ அது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. நேராக அடித்தால் சென்சாருக்குக் கோடும் தெரியாது, தரையும் தெரியாது. ஹாலின் மேற்கு ஜன்னல்களுக்குத் திரை இல்லை. போட்டி வைத்ததோ மூன்று மணிக்கு. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? போதாக்குறைக்கு டிராக்கைப் பளபள ஃபிளெக்ஸில் அடித்திருந்தார்கள். ராத்திரி ஹாஸ்டல் அறையில் வழுக்கிக்கொண்டு ஓடிய ரோபோக்கள், வெயில் விழுந்த வளைவுக்கு வந்ததும் வட்டமடித்து வெளியே போயின.

பையன்கள் ஹாஸ்டலுக்கு ஓடிப் போர்வை, லுங்கி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினார்கள். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு மறைப்பு ஒட்டச் சொன்னேன். ஓட்டத்துக்கு முன் டிராக்கில் வைத்து சென்சாரை அங்குள்ள வெளிச்சத்துக்கு ஏற்பச் சரிசெய்ய (கேலிபரேட் செய்ய) நேரமும் வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு ஓடிய ரோபோக்கள் பெரும்பாலும் சுற்றை முடித்தன. ஆனால் வெயிலில் ஏற்கெனவே ஓடித் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு தர நடுவர்கள் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆரணியிலிருந்து வந்த பெண்கள் அணி அதில் ஒன்று. அவர்களுடைய கோடிங்தான் அன்று நான் பார்த்ததிலேயே சுத்தமானது.

அடுத்த வருஷத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். லைன் ஃபாலோயரைக் காலையில் வைத்தால் வருகிறேன் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.