மற்றவரின் சமயத்தை விடைத்தாளில் எழுதுவது: ஒரு வன்னி மாணவியின் அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுச் சாமியறையில் தான்தோன்றீஸ்வரர் படத்துக்குக் கீழே ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். அதற்குள் இருப்பது மடு மாதா கோயில் மண். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்தவர் யாரும் இல்லை. வயலுக்கும் காட்டுக்கும் போகிற ஆட்கள், பாம்புக்குப் பயம். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைப்பதும் மடு மண்ணை வீட்டில் வைத்திருப்பதும் அம்மம்மாவுக்கு ஒரே காரியம்தான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால், பல்கலைக்கழகத்தில் உலக சமயங்கள் பாடத்தை எடுத்தபோது எனக்கு இலகுவாக இருக்கும் என்று நம்பினேன். முதல் செமஸ்டரிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. இந்தப் பாடத்தை எடுக்கப்போகிற தம்பி தங்கைகளுக்காக, எங்கே பிழை விட்டேன், எப்படித் திருத்திக்கொண்டேன் என்று எழுதுகிறேன்.

முதல் பரீட்சையில் இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் பற்றி ஒரு கேள்வி வந்தது. கலிமா, தொழுகை, நோன்பு, ஸக்காத், ஹஜ் என்று ஐந்தையும் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கள் சமயத்தில் இருப்பதைச் சேர்த்தேன். ஹஜ் என்றால் கதிர்காமப் பாதயாத்திரை போல, ஸக்காத் என்றால் அன்னதானம் போல. கடைசியில் 'எல்லாச் சமயங்களும் ஒன்றையே போதிக்கின்றன' என்று முடித்தேன். மட்டுமட்டாகச் சித்தியடைந்தேன். விடைத்தாளைப் பார்க்கக் கேட்டபோது விரிவுரையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இதை ஒரு முஸ்லிம் வாசித்தால், இது என் சமயம்தான் என்று சொல்வாரா?

கனடாவைச் சேர்ந்த சமய ஆய்வாளர் வில்ஃப்ரெட் கன்ட்வெல் ஸ்மித் 1959 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதே அளவுகோலைத்தான் வைக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஒரு சமயத்தைப் பற்றி நாம் சொல்வதை அந்தச் சமயத்தவரும் ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதில் விவாதங்கள் உண்டு. ஆனால் பட்டப்படிப்பு மாணவருக்கு இதைவிடப் பயனான அளவுகோல் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

விடுதியில் என் அறையில் இருந்த தோழி புத்தளத்திலிருந்து வந்தவள். அவளுடைய குடும்பத்தின் சொந்த ஊர் முல்லைத்தீவு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது போனவர்கள். நான் அந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும், பல்கலைக்கழகம் வரும்வரை ஒரு முஸ்லிம் வீட்டில் தேநீர் குடித்ததில்லை. என் விடைத்தாளில் இருந்த அறியாமைக்கு அந்த வரலாறும் ஒரு காரணம். இது மனதில் பட்ட நாளில் எனக்கு நித்திரை வரவில்லை.

நான் எழுதியதை அவளிடம் சொன்னேன். கோபிக்கவில்லை, பொறுமையாக விளக்கினாள். நேர்த்தி என்பது நாமாக வைப்பது, நாள் கிழமையை நாமே குறிக்கலாம். ஹஜ் அப்படியல்ல. வசதியும் உடல்நலமும் உள்ளவருக்கு வாழ்வில் ஒரு முறை கடமை, அதுவும் இஸ்லாமிய ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ்ஜின் குறித்த நாட்களில்தான். ஸக்காத் விரும்பிக் கொடுக்கும் தர்மமும் அல்ல. குறித்த அளவுக்கு மேல் ஓராண்டு கையில் இருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம், கொடுத்தே ஆக வேண்டியது. விரும்பிக் கொடுப்பதற்கு ஸதகா என்று வேறு சொல்லே இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் அவள் சொன்னது என் ஒரு செமஸ்டர் குறிப்பைவிடப் பெறுமதியாக இருந்தது.

அதனால் என் முதல் ஆலோசனை: ஒப்பிடுவதற்கு முன் வேறுபாட்டைப் பிடியுங்கள். 'எல்லாச் சமயங்களிலும் நோன்பு உண்டு' என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. ரமழான் நோன்பு வைகறை முதல் சூரியன் மறையும்வரை, தண்ணீரும் இல்லை, ஒரு மாதம் முழுக்க, சமூகம் முழுவதற்குமான கடமை. இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு ஏறத்தாழ 354 நாள் கொண்ட முழுச் சந்திரக் கணக்கு என்பதால் நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். எங்கள் கந்தசஷ்டி அப்படி நகராது, ஆறு நாளும் அந்தப் பருவத்திலேயே நிற்கும். எப்படிப் பிடிப்பது என்பதும் அவரவர் வீட்டு வழக்கம், சிலர் பால் பழம், சிலர் இளநீர். கத்தோலிக்கரின் தவக்காலம் உயிர்ப்பு விழாவை நோக்கிய நாற்பது நாள் ஆயத்தம். பௌத்த பிக்கு நண்பகலுக்குப் பிறகு உணவு கொள்ளாதது விழாவுக்காக அல்ல, அது தினசரி ஒழுக்கம். யார், எப்போது, எதற்காக, எப்படி முடிக்கிறார் என்ற நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டால் விடை தானாக விரியும்.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஒரு பெரிய செல்வம் இருக்கிறது, அது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசி விசாகப் பொங்கலுக்கு நாம் போகிற கண்ணகி அம்மனை, தென்னிலங்கைச் சிங்கள பௌத்தர்கள் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். கண்ணகி கதையைச் சிலப்பதிகாரமாகப் பாடிய இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்று சொல்வார்கள். அந்தக் காப்பியத்தின் வரந்தரு காதையில் கண்ணகி விழாவுக்கு வந்தவர்களுள் 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்' பெயரும் வருகிறது. ஒரே பெண், மூன்று சமயச் சூழல். ஆனால் பத்தினியும் கண்ணகியும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எங்களுக்கு அவள் அம்பாள், பொங்கிப் படைத்து வேண்டினால் அருள் தருகிற தாய். தேரவாத பௌத்தருக்கு அவள் காக்கும் தெய்வம், விடுதலை தருபவள் அல்ல. விடுதலைக்கு வழி புத்தரின் தம்மம்தான். 'பௌத்தத்தில் கடவுள் இல்லை' என்ற ஒற்றை வரி எவ்வளவு குறைபாடானது என்பதை இந்த உதாரணத்தால் அழகாகக் காட்டலாம். தெய்வங்கள் உண்டு, படைத்தவன் என்று ஒருவன்தான் இல்லை.

அதே வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கேற்றும் வழக்கத்தை எப்படி எழுதுவது? நான் முதலில் 'அற்புதம்' என்று எழுதினேன், என் வகுப்பில் ஒருவர் 'மூடநம்பிக்கை' என்று எழுதினார். இரண்டுமே தீர்ப்பு. தோற்றப்பாட்டியல் அணுகுமுறையில் தீர்ப்பை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, யார் தீர்த்தம் எடுக்கிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், அந்த விளக்கு அடியவருக்கு என்ன பொருள் தருகிறது என்று எழுத வேண்டும். நம் சொந்தக் கோயிலைப் பற்றி இப்படி எழுதிப் பழகினால் மற்றவருடையதை எழுதுவது பிறகு வந்துவிடும்.

மடுவும் அப்படித்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனதாக மடுவின் வரலாறு சொல்கிறது. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், சீர்திருத்த சபையினர். ஆகவே 'கிறிஸ்தவம் கூறுகிறது' என்று பொதுவாக எழுதும்போது எந்தச் சபை என்று உங்களையே கேளுங்கள். நற்கருணையில் அப்பமும் இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. பல புரட்டஸ்தாந்து சபைகளில் அது நினைவுகூரல். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் திருப்பலியைப் 'பூசை' என்றே சொல்வார்கள். சொல் ஒன்றாக இருப்பதை நம்பி உள்ளடக்கத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

கோட்பாட்டுப் பகுதிக்கு, சமய ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட் ஒரு சமயத்துக்கு உண்டென்று சொன்ன பரிமாணங்கள் போதும்: சடங்கு, கதை, அனுபவம், ஒழுக்கம், கோட்பாடு, சமூகம், பிறகு அவரே சேர்த்த பொருள்சார் பரிமாணம். கொப்பியில் ஏழு நிரல் போட்டு ஒவ்வொரு சமயத்துக்கும் நிரப்புங்கள்.

தமிழில் ஒன்றை மட்டும் கட்டாயம் வாசியுங்கள் என்றால் மணிமேகலையின் 27 ஆவது காதையைச் சொல்வேன். வஞ்சி நகரில் மணிமேகலை வைதிகர், சைவர், ஆசீவகர், நிகண்டர் (சமணர்), சாங்கியர், பூதவாதி (பொருள்முதல்வாதி) என்று ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். நூல் பௌத்த நூல், அதன் சார்பு வெளிப்படையானது. இருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்த ஒழுங்கு இந்தப் பாடத்தின் ஒழுங்குதான்.

பரீட்சை மண்டபத்தில் முதல் பத்து நிமிடம் எழுதாதீர்கள். கேள்வியில் 'விளக்குக', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக' என்பவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பிடச் சொன்னால் முதல் பக்கம் ஒரு சமயம், அடுத்த பக்கம் மற்றது என்று எழுதாமல், ஒரு விடயத்தை எடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள். அரபு, பாளிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரே விதமாக எழுதிப் பழகுங்கள். நான் ஒரு விடையிலேயே நிர்வாணம், நிப்பானம் என்று மாறி மாறி எழுதிக் குழம்பியிருக்கிறேன்.

இறுதி வருட ஆய்வுக்கு ஊரிலேயே களம் எடுக்க நினைப்பவர்கள் திருவிழா நாளில் போய்க் கேள்வி கேட்காதீர்கள், அன்று யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு மாதம் முன்னதாகப் பூசகரையோ பங்குத் தந்தையையோ மௌலவியையோ சந்தித்து, என்ன படிக்கிறீர்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுதி முடித்ததும் அந்தப் பகுதியை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். எனக்கு அப்படி வாசித்த ஒரு மாலையில் பதினொரு இடம் திருத்த வேண்டி வந்தது.