மருத்துவமனையின் ஆற்றல் கணக்கு: எண் குறைவாக வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்

பொது மருத்துவமனையில் ஆற்றல் அளவீடு தொடங்கினால் முதல் சில நாள்கள் பில் கட்டுகளோடும் கட்டட வரைபடங்களோடும்தான் கழியும். 12 மாத பில் வேண்டும். ரீடிங் எடுத்த தேதி முன்பின்னாக இருக்கும் என்பதால், நாள் கணக்கில் பிரித்துத்தான் கூட்ட வேண்டும். கொதிகலன் எரிபொருள், சமையல் எரிவாயு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் சேரும். டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 10 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம். ஜெனரேட்டர் அதிலிருந்து 3, 3.5 யூனிட் மின்சாரம்தான் தரும். டீசலையும் எழுதி, அது தந்த மின்சாரத்தையும் எழுதினால் இரட்டைக் கணக்கு.

வார்டு வாரியாக அளக்கத் துணை மீட்டர் மாட்டும்போது சிடியை, அதாவது மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரை, கவனியுங்கள். 200/5 சிடி என்றால் மீட்டர் ரீடிங்கின் பெருக்கு எண் 40. மீட்டரிலேயே அது பதிவாகியிருந்தால் மறுபடி பெருக்கக் கூடாது. ஒரு ஃபேஸின் சிடி திரும்பி மாட்டியிருந்தால், சமமான சுமையில் மீட்டர் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். வார்டு சிக்கனமாக இருக்கிறதென்று ஏமாந்துபோவோம். ஒவ்வொரு ஃபேஸின் கிலோவாட்டும் நேர்க்குறியில் வருகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை மூட வேண்டும்.

15 நிமிட இடைவெளியில், வார இறுதியும் அடங்க, குறைந்தது 7 நாள் பதிவு செய்தால் அதிகாலை 3 மணிச் சுமை தெரியவரும். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கிறது: ஆளில்லாத ஆபரேஷன் தியேட்டருக்கு ஏசி காற்று முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். விசிறி வேகத்தை 80 சதவீதமாக்கினால் விசிறியின் மின்செலவு ஏறத்தாழ பாதியாகும். ஆனால் தியேட்டரின் காற்றழுத்தம் வெளி வராந்தாவைவிடக் கூடுதலாகவே நிற்க வேண்டும்; தொற்றுத் தடுப்புக் குழுவைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்து, மருத்துவமனைகளை ஒப்பிட மொத்த யூனிட்டை எதால் வகுப்பது? சதுர மீட்டர் என்றால் வாகன நிறுத்தம், திறந்த நடைபாதை நீங்கலாக. படுக்கை என்றால் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையா, உண்மையில் நோயாளிகள் இருந்த எண்ணிக்கையா? நெரிசலான மருத்துவமனையில் இரண்டும் வெகுவாக வேறுபடும். புறநோயாளிகள் எந்தப் படுக்கைக் கணக்கிலும் வரமாட்டார்கள். அதனால் சதுர மீட்டருக்கு, படுக்கைக்கு என இரண்டு எண்ணையும் எழுதிவைப்பதே நல்லது.

ஒப்பிடும்போது எம்ஆர்ஐ, சொந்தச் சலவையகம் உள்ளவற்றைத் தனிக் குழுவாக்குங்கள். குழுவுக்குள் சராசரியைவிட இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) நம்பத்தக்கது. ஒரு தவறான மீட்டர் போதும், சராசரி கெட்டுவிடும். மிகக் குறைந்த எண்ணோடு பட்டியலின் அடியில் வரும் மருத்துவமனைக்கு நேரில் போகாமல் பாராட்டுச் சான்று எழுத வேண்டாம். பழுதான ஏசி, எரியாத விளக்கு, ஓடாத காற்றுப்போக்கி எத்தனை என்பதையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.